கல்ட் படம் பார்ப்பவர்களும் டேபிள்டாப் கேம் ஆடுபவர்களும் ஏன் பெரும்பாலும் ஒரே ஆட்களாக இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இரண்டும் வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்பதைத் தவிர வேறு ஒற்றுமை உண்டா?" முதலில் அந்த வரியை மறுத்துவிடுகிறேன். நான்கு பேருக்கும் ஒரே நாளில் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் ஒழிய வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கேம் நடத்துகிறவனைக் கேட்டால் சொல்வான்.

ஒற்றுமை உண்டு. ஒரு சின்னக் கூட்டம் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டாடும் கல்ட் படம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டேபிள்டாப் கேம், இரண்டுமே அரைவேக்காட்டுச் சரக்கு. மீதியை வேகவைப்பது பார்க்கிறவன், ஆடுகிறவன் பொறுப்பு. அந்த வேலையில் ருசி கண்ட ஆள் இங்கேயும் இருப்பான், அங்கேயும் இருப்பான்.

கல்ட் படம் என்றால் ஓடாத நல்ல படம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாத நல்ல படங்கள் ஆயிரம் உண்டு, அவற்றுக்கெல்லாம் கூட்டம் சேர்வதில்லையே. ராக்கி ஹாரர் பிக்சர் ஷோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் வெளியாகி, பெரும்பாலான ஊர்களில் படுத்துவிட்ட படம். 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்கள் திரையைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள். வசனத்துக்கு நடுவே விழும் இடைவெளியில் இவர்கள் ஒரு பதில் வசனம் சொல்வார்கள். கல்யாணக் காட்சியில் அரிசி பறக்கும். மழைக் காட்சியில் தண்ணீர்த் துப்பாக்கி பீய்ச்சும், நாயகி செய்வது போலவே எல்லோரும் செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். இது எதுவும் இயக்குநர் எழுதியதல்ல. அந்தப் படத்தின் வசன வேகம் கொஞ்சம் மந்தம். தனியாக வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அங்கங்கே இழுக்கும். அந்த இழுவைதான் கத்துவதற்கு இடம் கொடுத்தது. விறுவிறுப்பாக வெட்டியிருந்தால் இவ்வளவு வருடம் தியேட்டரில் ஓடியிருக்காது என்பது என் கணிப்பு.

இன்னொரு படம் வேறு விதமாகத் திறந்துகொண்டது. ஜார்ஜ் ரொமேரோவின் நைட் ஆஃப் தி லிவிங் டெட், 1968. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது, புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமைக் குறிப்பைப் போட விநியோகஸ்தர் விட்டுவிட்டார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், கேசட் போடலாம். எடுத்தவர்களுக்குப் பெரிய நஷ்டம்தான், பாவம். ஆனால் மெல்ல நடந்து வந்து மனித மாமிசம் தின்னும் அந்தப் பிணக்கூட்டம் எல்லோருக்கும் சொந்தமானது. இன்று எந்த கேம் அலமாரியைப் பார்த்தாலும் ஸோம்பி கேம் ஒன்றாவது இருக்கிறதென்றால், அதற்கு அந்த விடுபட்ட குறிப்புக்கும் பங்கு உண்டு.

சரி, மேசைக்கு வருவோம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி அதற்குள் என்ன செய்வது என்று முடிவெடுத்து ஆடுவார்கள். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். அதை மட்டும் வைத்து ஆடிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. சண்டைக்கு, கைகாக்ஸ் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து முன்பு எழுதிய செயின்மெயில் விதிப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்வார்கள். வனாந்தரத்தில் சுற்ற, வேறொரு கம்பெனியின் அவுட்டோர் சர்வைவல் என்ற போர்டு கேமின் வரைபடம் வேண்டும். அந்த கேமைப் பரிந்துரைக்கும் பொருட்கள் பட்டியலிலேயே போட்டிருந்தார்கள்! அந்த கேமில் பிறகு சேர்ந்த சில பூதங்களின் கதை இன்னும் வேடிக்கை. ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக ஒரு மிருகம், இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் ஒரு பூச்சி மிருகம் – இவையெல்லாம் கைகாக்ஸ் சல்லிசாக வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைப் பையிலிருந்து வந்தவை. பொம்மை என்ன மிருகம் என்று யாருக்கும் புரியவில்லை, அதனால் அவரே அதற்கு ஒரு வாழ்க்கை கொடுத்தார்.

மேசையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் நடத்திய ஒரு கேமில், தீப்பந்தம் பிடிக்கக் கூலிக்கு ஒருவனை ஆட்டக்காரர்கள் அமர்த்திக்கொண்டார்கள். எனக்கு அவன் ஒரு விளக்குக் கம்பம், அவ்வளவுதான். குகைக்குள் ராட்சதன் ஒருவன் எதிரில் வந்துவிட்டான். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பு விதி. அதில் கூலிக்காரன் ஓடுவானா நிற்பானா என்று இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பார்க்க வேண்டும். அவனுடைய மன உறுதி எண்ணைத் தாண்டினால் ஓட்டம். உருட்டினேன். இரண்டிலும் ஒன்று. 36இல் ஒரு வாய்ப்பு. அசையாமல் நிற்கிறான். கவசம் போட்ட வீரனே பின்வாங்கும்போது இவன் தீப்பந்தத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மேசை ஒரே கூச்சல். அப்புறம்தான் ஒருவர் கேட்டார், "ஆமா, இவன் பேரு என்ன?" அதன்பின் புதையலில் அவனுக்குச் சமபங்கு, ஊருக்குத் திரும்பினால் அவன் அம்மாவைப் பார்க்கப் போவது என்று கதையே அவன் பின்னால் போய்விட்டது. நான் எழுதி வைத்திருந்த வில்லன் இன்னும் கோட்டையில் காத்துக்கொண்டிருக்கிறான்.

எல்லா டேபிள்டாப் கேமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 1995இல் வந்த கட்டான் அருமையான போர்டு கேம், கூப்பிட்டால் உடனே உட்காருவேன். ஆனால் அது வடிவம் முடிந்த பொருள். ஆட்டம் முடிந்ததும் பெட்டியை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு. "உண்மையான ரசிகன்னா இதுக்குப் பதில் சொல்லு" என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பரீட்சை வைக்கும் ஆட்கள். அப்புறம், வேண்டுமென்றே மோசமாக எடுத்துவிட்டு 'கல்ட் படம்' என்று போஸ்டரிலேயே போட்டுக்கொள்ளும் படங்கள். அந்தப் பட்டம் பார்வையாளர்கள் கொடுப்பது, தானே சூட்டிக்கொள்வது அல்ல.

இது எங்களுடையது என்ற அந்த உணர்வுக்கு எவ்வளவு பலம் என்பது 2023இல் தெரிந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வைத்திருக்கும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி, அதன் விதிகளை வைத்து மற்றவர்களும் புத்தகம் போடலாம் என்று 2000இலிருந்து நடைமுறையில் இருந்த திறந்த உரிமத்தை இறுக்கப் பார்த்தது. ஆடுகிறவர்களும் சின்னப் பதிப்பகங்களும் கொதித்தெழுந்தார்கள், பலர் அந்தக் கம்பெனியின் இணையதளச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த ஜனவரி முடிவதற்குள் கம்பெனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. இனி அதைத் திரும்பப் பெற முடியாது.

ஆகவே, ஆரம்பிக்க நீங்கள் காசு செலவழிக்கத் தேவையில்லை. அந்த அடிப்படை விதிகளின் தொகுப்பை, சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட் 5.1 என்று தேடி இறக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் படிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். பாத்திரம் உருவாக்குவது, சண்டை இரண்டை மட்டும் படித்தால் போதும். பகடைக்கு செயலி இருக்கிறது. கதையை நடத்தும் கேம் மாஸ்டராக யார் இருப்பது என்று நண்பர்களுக்குள் இழுபறி வந்தால், விதியைப் படித்தவர் தலையில்தான் விழும். அதாவது, நீங்கள்தான்.