கைது நேரம்

ஐயா,
போன மாதம் காட்பாடியில் பால் வாங்கப் போன என் அம்மாவைக் கீழே தள்ளிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். கழுத்தில் தையல். ஒருவன் பிடிபட்டு, மாவுக்கட்டோடு அவன் படம் வந்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. நீங்களோ போலீஸ் அப்படி அடிப்பதைக் கண்டித்து எழுதுகிறீர்கள். அரசியல் சட்டம் திருடனுக்கு மட்டும்தானா? என் அம்மாவின் உரிமை எங்கே? குண்டாஸ், என்கவுண்டர் தவிர வேறு வழி உண்டா?
கே., காட்பாடி

அன்புள்ள கே.,

அம்மாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டதா? இப்படி விழுந்த பிறகு வயதானவர்களுக்கு வாசல் தாண்டவே பயமாக இருக்கும். கொஞ்ச நாளைக்கு நீங்களே கூடப் போங்கள்.

குண்டர் சட்டம் ஓராண்டு வரை விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும், அவ்வளவுதான். என்கவுண்டர் பற்றி, 1980இல் நக்சலைட் என்று சொல்லிப் போலீஸ் பலரைச் சுட்டுக் கொன்றபோது திருப்பத்தூர்ப் பக்கம் இருந்த பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

கொஞ்ச காலமாக என் மனசை அரிப்பது வேறு விஷயம். கைதானவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. அந்த 24 மணி எப்போது தொடங்குகிறது?

என் தாய்மாமன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். அங்கே ஒரு மோட்டார் காணாமல் போனது. "ஐயா கூப்பிடுறாரு, விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று ஒரு சாயங்காலம் போலீஸ்காரர்கள் கூட்டிப் போனார்கள். பாட்டி ஸ்டேஷனுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனார். பாரா நின்றவர், "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றார். படிக்கட்டு ஓரத்தில் மாமாவின் செருப்பு கிடந்தது. வார் அறுந்து, அவரே தோல் துண்டு வைத்துத் தைத்த செருப்பு. பாட்டிக்குத் தெரியாதா?

பல நாள் கழித்து ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது, அன்று காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கைது என்று எழுதியிருந்தது. "போலீஸ் அடிச்சாங்களா?" என்று நீதிபதி கேட்டார். மாமா பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லீங்க ஐயா" என்றார். காகிதத்தில் 24 மணி தாண்டவேயில்லை. பிறகு வழக்கு நிற்கவில்லை. மோட்டாரை எடுத்தவன் கடைசி வரை அகப்படவும் இல்லை. மாமா கையில் கிடைத்ததுமே தேடுவதை விட்டுவிட்டார்கள்.

அத்தனையும் நடப்பது கணக்கில் வராத அந்த நாட்களில்தான். கைதுக் குறிப்பில் தேதியும் நேரமும் வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்காகத்தான். 2020இல் நிலைய வாசல் முதல் லாக்கப் வரை கேமரா வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம், பொருளைக் கண்டெடுக்க உதவிய பகுதி தவிர, கோர்ட்டில் செல்லாது. அப்புறம் எதற்கு அடி?

உங்களையும் திட்டத்தான் வேண்டும். மாவுக்கட்டுப் படத்தை அம்மாவிடம் காட்டினீர்களா? நாளை ஜெயிலில் பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு வைத்து, அம்மா அவனையே சரியாகக் காட்டினாலும், "போட்டோவில் பார்த்த முகம்தானே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். ஷேர் செய்து கைதட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து அம்மாவின் சாட்சியத்தைக் கெடுத்திருக்கிறீர்கள். படித்த பிள்ளை யோசிக்க வேண்டாமா?

அம்மாவின் உரிமை எங்கே என்றீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்கினீர்களா? விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். போய்க் கேளுங்கள். அவனை எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கைது செய்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.