ஐந்து மாதக் குழந்தைக்கு எந்தப் புத்தகம்?

வணக்கம் அக்கா,

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கிறோம். எனக்கு டீ பேக்டரியில் வேலை. மகளுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்தாவது நடக்கிறது. கைக்குழந்தைக்கும் புத்தகம் வாசித்துக் காட்டலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் குன்னூரில் ஒரு கடைக்குப் போனேன். ‘ஏ ஃபார் ஆப்பிள்’ புத்தகம், நூறு படங்கள் போட்ட புத்தகம், அழுத்தினால் பாடும் புத்தகம் ஆகிய மூன்றையும் காட்டினார்கள், மூன்றையும் வாங்கிவிட்டேன். ஆப்பிள், பால், கார் என்று படித்தால் இரண்டாவது பக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூன்றாவது பக்கம் வாய்க்குள் போய்விடுகிறது. என் அம்மா வீட்டில் படுகு மொழிதான் பேசுவார். இரண்டு மொழி கேட்டால் பேச்சு வரத் தாமதமாகும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் புத்தகமெல்லாம் பூசணம் பூத்துவிடும். இரவு நான் வருவதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள், என் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டலாமா? எந்த மாதிரி புத்தகம் வாங்கட்டும்?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்தப் பாடும் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி போடும் இடத்தைத் திருகாணி வைத்து மூடியிருக்கிறார்களா? விரலால் தள்ளினாலே திறக்கிறது என்றால் பேட்டரியை இன்றே கழற்றி அவள் கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். பொத்தான் பேட்டரி தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

நூறு படப் புத்தகத்துக்கு அவள் முகத்தைத் திருப்பியதில் வியப்பே இல்லை. அதில் வாசிக்க என்ன இருக்கிறது? ஆப்பிள், பால், கார் எல்லாமே பெயர்ச்சொல். ஒன்றும் ஓடவில்லை, விழவில்லை, கூப்பிடவில்லை. உங்கள் குரல் ஏறி இறங்க இடமே இல்லாத பக்கங்கள் அவை. ஒன்றரை வயதில் அவளே விரலை நீட்டி ‘இது?’ என்று கேட்பாள், அன்றைக்கு அதே புத்தகம் தேவைப்படும். இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

காது வயிற்றுக்குள் இருக்கும்போதே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கும் தாயின் குரல் தெரியும். கண் மெதுவாகத்தான் தெளியும். பிறந்தபோது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் சரியாகத் தெரியும், அழுத்தமான கறுப்பு வெள்ளைதான் பிடிபடும். ஐந்து மாதத்தில் நிறங்கள் நன்றாகத் தெரிகின்றன, ஆனாலும் ஒரு பக்கத்தில் ஒரு படம், அதைச் சுற்றி வெறும் இடம் என்று இருந்தால்தான் கண் அங்கே நிற்கும். அதனால் புத்தகத்தை உங்கள் வாய்க்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து எடுங்கள், படத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.

கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு மூச்சில் முடிய வேண்டும். நாலு முதல் எட்டுச் சொல், அதற்கு மேல் வேண்டாம். ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வந்து ஒரு சொல் மட்டும் மாறினால் மிக நல்லது. ஓசைச் சொல் இருக்கிறதா பாருங்கள். சலசல, கிடுகிடு, மளமள, தொபுக்கடீர் என்று தமிழில் கொட்டிக்கிடக்கிறது. ‘மழைத்துளிகள் கூரையின் மீது விழுந்துகொண்டிருந்தன’ என்று ஒரு புத்தகமும், ‘சொட்டு சொட்டு, கூரையில சொட்டு’ என்று இன்னொன்றும் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். அதில் ட்ட என்று அழுத்தும்போது உங்கள் உதடும் நாக்கும் செய்வதை அவள் உற்றுப் பார்ப்பாள்.

தமிழ்ப் புத்தகத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே உண்டு. அச்சில் இருப்பது எழுத்துத் தமிழ், அவள் நாள் முழுக்கக் கேட்பது பேச்சுத் தமிழ். ‘பூனை மதில்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று அச்சாகியிருந்தால், ‘பூனை ஏறுது… ஏறுது… ஏறுது… தொப்!’ என்று மாற்றி வாசிக்கத் தயங்காதீர்கள். பாட்டாக, எதுகையோடு இருக்கும் வரிகளை மட்டும் உள்ளபடி விட்டுவிடுங்கள், அங்கே கைவைத்தால் தாளம் கெடும். இருமொழிப் புத்தகம் என்றால் தமிழ் வரியைத் தனியாகப் படித்துச் சோதியுங்கள். ஆங்கிலத்தில் நாலு சொல்லாக இருந்தது தமிழில் இரண்டு வரி நீண்டு கிடப்பது அடிக்கடி நடக்கிறது. தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் ஆகியோரிடம் தமிழில் சிறுவர் நூல்கள் கிடைக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு அவையும் நீளம்தான். ஐந்தாறு பக்கம் பொறுக்கினால் போதும். போனைக் காட்டி வாசிக்காதீர்கள். ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையின் உடம்பைப் பார்த்துத்தான் பருவம் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் கையூன்றித் தலையசைக்கும் செங்கீரை, ஏழாம் மாதம் நாக்கை அசைக்கும் தால், ஒன்பதாம் மாதம் கைதட்டும் சப்பாணி. புத்தகம் வாங்கவும் அதுவே நல்ல கணக்கு. உங்கள் மகள் இப்போது குப்புறப் படுத்துக் கையூன்றித் தலையைத் தூக்குவாள். கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கூடாரம் போல் விரித்து அவள் முகத்துக்கு ஓர் அடி தள்ளி நிறுத்துங்கள், நீங்களும் எதிரே படுத்துக்கொண்டு வாசியுங்கள். மடியில் என்றால் முதுகைக் காட்டி உட்காரவைக்காமல், தொடைமேல் சாய்த்து உங்கள் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கன்னத்துக்கு அருகே பிடியுங்கள். ஏழு மாதத்துக்கு மேல் துணிப் புத்தகம், ஒன்பதில் கைதட்ட வைக்கும் பாட்டு, ஒரு வயதை ஒட்டித் திறந்து பார்க்கும் மூடிகள் வைத்த புத்தகம். மூடிகள் கிழியத்தான் செய்யும்.

வாயில் வைப்பதைத் தடுக்காதீர்கள், அவள் பொருளைத் தெரிந்துகொள்வதே வாயால்தான். தடுக்க வேண்டியது ஆபத்தை. ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகம், ஒட்டுக் கண், ஜிகினாத் தூள், திறந்தவுடன் மை நெடி அடிப்பது எதுவும் வேண்டாம். முனைகள் வளைவாக இருக்கட்டும். அட்டையின் ஓரம் எச்சிலில் ஊறி அடுக்கு அடுக்காகப் பிரிந்து துண்டாக வரத் தொடங்கினால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். செல்லோடேப் போட்டு ஒட்டினால் டேப் உரிந்து தொண்டையில் போய் அடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு: புத்தகத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், சுவரின் ஈரம் அட்டைக்கு ஏறும். எச்சில் பட்டதை உலர்ந்த துணியால் துடைத்து, விசிறி போல் விரித்து நிறுத்திக் காய்ந்தபின் பிஸ்கட் டின்னில் போட்டு மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டை மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அது அவள் கைக்குக் கிடைக்கக் கூடாது. அடுப்புச் சூட்டில் காயவைத்தால் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம் கழன்றுவிடும். துணிப் புத்தகத்தில் கரும்புள்ளி விழுந்தால் துவைத்தாலும் உள்ளே இருக்கும் பஞ்சில் பூசணம் நிற்கும், அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

படுகைப் பற்றிப் பயமே வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தன் வீட்டில் பேசாத மொழியின் ஒலி வேறுபாடுகளும் கேட்கும், பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தக் கூர்மை மங்கிவிடும் என்று உளவியல் ஆய்வாளர்கள் வெர்க்கரும் டீஸும் 1984இல் ஆய்வு வெளியிட்டார்கள். படுகில் நாக்கை மடக்கிச் சொல்லும் உயிரொலிகள் இருந்ததை மொழியியலாளர் எமனோ 1939லேயே எழுதினார். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. உங்கள் அம்மாவின் வாயில் அந்த ஒலி இருக்கிறதென்றால், உங்கள் மகள் கேட்க இதுதான் காலம்.

அதற்கு ஒரு புத்தகத்தை நீங்களே செய்யலாம். பழைய காலண்டர் அட்டையை 15 சென்டிமீட்டர் சதுரமாக ஆறு துண்டு வெட்டி முனைகளை வளையுங்கள். பாட்டியின் முகம், வீட்டு நாய், காட்டெருமை, தாத்தாவின் வெள்ளைத் தலைப்பாகை, தேயிலைக் கூடை என்று பக்கத்துக்கு ஒரு படம். மைதாப் பசை வேண்டாம், இந்த ஈரத்தில் பூசணமும் பூச்சியும் வரும். பெவிகாலை மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை வளையும், இரண்டு பக்கமும் ஒட்டி, கனமான எதையாவது ஏற்றி ஒரு இரவு வையுங்கள், மழை நாளில் இரண்டு நாள். முதுகுக்குத் துணி நாடா. ஒவ்வொரு படத்துக்கும் பாட்டி தானாகச் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். இதைப் பெரியவர் கையில் பிடித்துத்தான் காட்ட வேண்டும்.

குரலைப் பதிவு செய்து போடுவது அவ்வளவு பயன் தராது. ஒரு வரி வாசித்துவிட்டு ஐந்து நொடி பேசாமல் இருந்தால் அவள் ‘ங்கா’ என்பாள், நீங்கள் பதிலுக்கு ‘ஆமா, தொப்புனு விழுந்துச்சு’ என்பீர்கள். பதிவுக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியாது. இரவை விட்டுவிட்டுக் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், அவள் பால் குடித்து ஏப்பம் விட்டு முழித்துக்கொண்டு கிடக்கும் நேரத்தைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். கண்ணைத் திருப்பினாலோ முதுகை வளைத்தாலோ கொட்டாவி விட்டாலோ மூடிவிடுங்கள். பனி கொட்டும் மார்கழியில் அறையை மூடிக் கரி அடுப்பு வைத்துக்கொண்டு மட்டும் வாசிக்க உட்காராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கம்பளியைப் போர்த்தி ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்காருங்கள். நாலு புத்தகம் இருந்தால் ஆறு மாதத்துக்குத் தாங்கும், தினமும் அதையேதான் கேட்பாள்.