போர்டை எடுத்துவிட்டு சிப்பை மட்டும் வைக்கலாமா?

கேள்வி: மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் செடிக்குத் தண்ணீர் விடும் கருவி ஒன்றை ஆர்டுயினோ ஊனோவில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு மின்னணு போர்டு) செய்தேன். நன்றாக ஓடுகிறது. இன்னும் 12 செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முழு போர்டு வாங்கினால் கட்டுப்படியாகாது. வழி உண்டா?

பதில்: உண்டு. ஊனோவில் (ஆர்3 வரையிலான போர்டுகளில்) உங்கள் புரோகிராமை ஓட்டுவது ஏடிமெகா328பி என்ற ஒரே சிப்தான். யு.எஸ்.பி. பகுதிக்கு, புரோகிராம் ஏற்றி முடித்த பிறகு வேலையே இல்லை. ஆனால் ஒன்றிரண்டுக்காக இதில் இறங்காதீர்கள். மிச்சமாகும் காசைவிடச் செலவாகும் நேரம் அதிகம். 12 என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஒரு கருவிக்குத் தேவையானவை: 28 கால் டிப் வகை (இரு பக்கமும் கால் வரிசை உள்ள) சிப், அதற்கான சாக்கெட், சிப்பின் வேகத்துக்குத் தாளம் போடும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 22 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, 100 நானோஃபாரட் மூன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நிலையான 5 வோல்ட் சப்ளை. கிரிஸ்டல் 9, 10ஆம் கால்களுக்கு நடுவே. இரண்டு காலிலிருந்தும் ஒவ்வொரு 22 பைக்கோஃபாரட் கிரவுண்டுக்கு. முதல் கால் ரீசெட். 10 கிலோ ஓம் வழியாக அதை 5 வோல்ட்டில் கட்டுங்கள்.

பலர் தவறுவது சப்ளையில்தான். 7ஆம் காலுக்கு 5 வோல்ட், 8ஆம் காலுக்கு கிரவுண்ட் கொடுத்ததும் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். 20க்கும் 5 வோல்ட், 22க்கும் கிரவுண்ட் கொடுத்தே ஆக வேண்டும். அனலாக் பகுதிக்கான சப்ளை 20ஆம் காலில்தான் வருகிறது. அதை விட்டால் உங்கள் ஈர சென்சாரின் அளவு தாறுமாறாக வரும். 7க்கும் 8க்கும் நடுவே ஒரு 100 நானோஃபாரட், 20க்கும் 22க்கும் நடுவே இன்னொன்று, காலை ஒட்டியே. மூன்றாவது, 21ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு. அந்தக் காலை நேரடியாக 5 வோல்ட்டில் கட்ட வேண்டாம்.

இருக்கிற ஊனோவையே புரோகிராமராக்கலாம், அதாவது புது சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவியாக்கலாம். முதலில் அதில் ‘ஆர்டுயினோ ஐ.எஸ்.பி.’ ஸ்கெட்சை (ஆர்டுயினோ புரோகிராமை ஸ்கெட்ச் என்பார்கள்) ஏற்றுங்கள். ஏற்றிய பிறகே அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிளஸ் கால் ரீசெட் பக்கம். ஊனோவின் 10, 11, 12, 13 பின்களைப் புது சிப்பின் 1, 17, 18, 19 கால்களுக்கு அதே வரிசையில் இணைத்து, 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுங்கள்.

கேள்வி: அப்படியே இணைத்து, புரோகிராமர் வழியாக ஸ்கெட்சை ஏற்றினேன். ஏறியது. ஆனால் 1 வினாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டிய எல்.இ.டி. 16 வினாடிக்கு ஒருமுறை மின்னுகிறது. சிப் போலியா?

பதில்: இல்லை, அந்த 16தான் துப்பு. புது சிப் உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 8ஆல் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வருகிறது. நீங்கள் வைத்த கிரிஸ்டலை அது திரும்பியே பார்க்கவில்லை. ஆர்டுயினோ மென்பொருளில் ‘பர்ன் பூட்லோடர்’ கட்டளையை ஒருமுறை கொடுங்கள்; அதுதான் ஃபியூஸ் பிட்டுகளை (சிப்பின் அடிப்படை அமைப்புகளை) மாற்றி கிரிஸ்டலுக்கு இழுத்துவரும். பிறகு ஸ்கெட்சை மறுபடி ஏற்றுங்கள். ஃபியூஸ் மாறிய சிப்பைக் கிரிஸ்டல் இல்லாமல் சோதித்தால் செத்ததுபோலக் கிடக்கும். தூக்கி எறியாதீர்கள், கிரிஸ்டலை வைத்தால் எழுந்துவிடும்.

‘சிக்னேச்சர்’ (சிப்பின் வகையைச் சொல்லும் எண்) பொருந்தவில்லை என்று வந்தால், திரையில் காட்டும் எண்ணின் கடைசியைப் பாருங்கள். 0எஃப் என்றால் 328பி. 14 என்றால் ‘பி’ இல்லாத 328. ஸ்கெட்ச் அதிலும் ஓடும், மென்பொருளில் சிப்பின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாம் பூஜ்யமாக வந்தால் பெரும்பாலும் ஒயரில்தான் கோளாறு.

கேள்வி: கிரிஸ்டலையும் விட்டுவிட்டு, 8 கால் கொண்ட சிறிய சிப்பான ஏடிடைனி85 போடலாமா?

பதில்: உங்கள் கருவிக்கு அதுவே போதும். 8 கிலோபைட் இடம், ரீசெட்டை விட்டுவிட்டால் பயன்படுத்த 5 கால்கள். சென்சாருக்கு ஒன்று, தண்ணீரைத் திறந்து மூடும் ரிலேக்கு (மின்சுவிட்ச்) ஒன்று. உள் கடிகாரம் 10 சதவீதம் வரை விலகலாம். ஈரம் பார்த்துத் தண்ணீர் விடுவதற்கு அது பொருட்டில்லை. நேரம் பார்த்து விடுவதென்றால் ஒரு நாளில் 2 மணி 24 நிமிடம் வரை தவறும். ரிலே காயிலை நேரடியாகக் காலில் மாட்டாதீர்கள். நடுவே டிரான்சிஸ்டரும், காயிலுக்குக் குறுக்கே டயோடும் வேண்டும். ஆறாவது காலுக்கு ஆசைப்பட்டு ரீசெட்டை முடக்கினால், அடுத்த முறை புரோகிராம் ஏற்ற 12 வோல்ட் புரோகிராமர் தேடி அலைய வேண்டியிருக்கும்.