தலைகீழாகத் தொங்கும் பூ: வாசகர் கேள்விகள்

வேலியோரம் வெள்ளைப் பூக்கள் எக்காளம் போலத் தொங்குகின்றன. நர்சரியில் ‘ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட்’ என்கிறார்கள். ஊமத்தைதானே?
– வாசகி, கோத்தகிரி

பங்காளி முறை. ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும். இது புருக்மான்சியா: பூ தொங்கும், காயில் முள் கிடையாது, தண்டு மரமாக முற்றும். இருட்டியதும் வாசனை தூக்கும். விட்டில்களுக்கான அழைப்பு அது.

மந்திரவாதிகளின் செடி என்கிறார்களே?
– வாசகர், மதுரை

நம்மூரில் இல்லை, தென் அமெரிக்காவில். கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் காமென்ட்சா, இங்கா பழங்குடி வைத்தியர்கள் நோயின் மூலத்தை அறியவும் குறி பார்க்கவும் இதை வளர்த்துவந்தார்கள். இலை நாடாவாக ஒடுங்கிய ஒரு ரகத்துக்கு ‘குலேப்ரா’, அதாவது பாம்பு, என்று பெயர். மொத்தம் 7 இனங்கள்; ஏழும் காட்டில் அற்றுப்போனவை என்கிறது உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். மனிதர் குச்சி ஒடித்து நட்டதால்தான் மிஞ்சியிருக்கின்றன.

‘கொஞ்சம் சாப்பிட்டால் என்ன’ என்று யாரும் இறங்க வேண்டாம். ஸ்கோபோலமைன், அட்ரோபின் என்ற இரண்டு நச்சுப் பொருள்களும் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் உண்டு. செடிக்குச் செடி வீரியம் மாறுவதால் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வாய் வறண்டு, பார்வை மங்கி, நெஞ்சு படபடத்து, பிதற்றல் தொடங்கினால் உடனே 108.

நட்ட குச்சி அழுகிவிட்டது. பிழைத்த இன்னொன்று ஆளுயரம் வளர்ந்தும் பூக்கவில்லை.
– வாசகர், கொடைக்கானல்

அழுகியது பச்சை நுனியாக இருக்கும். பழுப்பேறிய, பென்சில் பருமனுள்ள 15–20 செ.மீ. குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். ஒரு சின்ன இலையை மட்டும் விட்டு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி கலந்து, இரண்டு கணு புதையுமாறு நிழலில் நடுங்கள். ஈரம் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது.

பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கத்திதான். தண்டு நேராக ஏறி, ‘Y’ போலக் கவையாகப் பிரிந்த பிறகுதான் மொட்டு வரும். கவைக்குக் கீழே கவாத்து செய்தால் செடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். குச்சியையும் கவைக்கு மேலிருந்தே எடுங்கள், செடி குட்டையாக இருக்கும்போதே பூக்கும். அடையாளம் வேண்டுமா? கவைக்கு மேலுள்ள இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்போடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கியிருக்கும்.

வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். கண் டாக்டர் பாப்பா விரிய விடும் சொட்டு மருந்தில் இருப்பதும் இதே அட்ரோபின் வகைதான். ஒரு கண் பாப்பா மட்டும் விரிந்து நின்றால் மூளையில் ஏதோ என்று ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார்கள்; செடி வெட்டியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.