கேமரன் மலைக் காட்டுப்பாதை: கேட்டதும் சொன்னதும்

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல முப்பது வருஷம் கண்டக்டரா, அதாவது வேலையை மேற்பார்வை பார்க்கிறவனா, இருந்தவன் நான். வேலை போக மிச்ச நேரமெல்லாம் காடுதான். பாதைகளைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். ஹோட்டல் வாடகை, ஸ்ட்ராபெரி விலை, பள்ளி விடுமுறை நெரிசல், இதெல்லாம் என்கிட்ட வேணாம்.

கிள்ளான்: பிள்ளைங்களுக்கு ஆறு வயசு, எட்டு வயசு. எந்தப் பாதையில கூட்டிட்டுப் போகலாம்?

நாலாம் நம்பர் பாதை. தானா ராத்தா டவுன்ல இருந்து பாரிட் அருவி வரைக்கும். தண்ணியில இறங்க விடாதீங்க, அருவிக்கு மேல ஊர் இருக்கு.

ரவாங்: முதல் தடவையா மலை ஏறப்போறோம், நாலு பேர். ஜாசாரா, பெரெம்பானா? பாதை நம்பரைப் பார்த்துப் போனாலே போதுமா?

ஜாசார். பத்தாம் நம்பர் பாதை, தானா ராத்தாவுல இருந்தே ஏறலாம். வேர் நிறைய, மழை பேஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும். ஆனா மேல போனா ஊர் முழுக்கக் கால்கீழ தெரியும். பெரெம்பானுக்கு மூணு, ஏழு, எட்டுன்னு மூணு பாதை இருக்கு. எட்டு ராபின்சன் அருவிப் பக்கமா ஏறும். முதல் தடவைக்கு அது வேணாம், முட்டி கெஞ்சும்.

நம்பர் விஷயத்துக்கு வரேன். நம்பர் பலகையில இருக்கும், வரைபடத்துல இருக்கும். காட்டுக்கு அது தெரியாது. ஒரு மரம் குறுக்க விழுந்தாப் போதும், ஆளுங்க சுத்திப் போய்ப் போய்ப் புதுசா ஒரு தடம் விழுந்துரும். மண் சரிஞ்சிருக்கும். போன வருஷம் காடா இருந்த இடத்துல இந்த வருஷம் முட்டைக்கோஸ் கொல்லை இருக்கும். அன்னிக்குக் காலையில ஊர்ல ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

அடுத்தது நேரம். எந்தப் பாதையா இருந்தாலும், மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க நிக்கிறீங்களோ அங்கிருந்து திரும்பிருங்க. உச்சிக்குப் பத்து நிமிஷம்தான் இருக்குன்னாலும் திரும்புங்க. 1982ல கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சதுல இருந்து நமக்கு ஏழு மணி தாண்டியும் வெளிச்சம்னு ஒரு நினைப்பு. அது ரோட்டுல. மரத்தடியில ஆறு மணிக்கே கால் எங்க வைக்கிறோம்னு தெரியாது. நானே ஒரு தடவை பெரெம்பான்ல மாட்டியிருக்கேன். டார்ச் லைட் வீட்டு அலமாரியில பத்திரமா இருந்துச்சு. கடைசிக் கால் மைலை உக்காந்தபடியே நகர்ந்து இறங்கினேன். அந்த கால்சட்டைய அப்புறம் யாரும் போடல.

பினாங்கு: கேமரன் மலையில காணாமப்போன தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சனுக்கு என்னதான் ஆச்சு?

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, பங்களாவுல இருந்து நடக்கப் போனார், திரும்பல. பெரிய அளவுல தேடியும் ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கல. அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். உங்க பாட்டுக்கு ஒரு கதை வச்சுக்கோங்க. ஆனா தனியா போகாதீங்க, போற இடத்தை வீட்டுல சொல்லிட்டுப் போங்க.

சிரம்பான்: புலி இருக்குமா?

மலாயாப் புலி நாட்டுக் காட்டுல மொத்தமே 150க்கும் குறைவு. உங்களைச் சாய்க்கப் போறது வேர்.

ஈப்போ: அட்டை கடிச்சா உப்பு போடலாமா?

வேணாம். உப்பு, நெருப்பு, புகையிலைத் தண்ணி, எதைப் போட்டாலும் அது துடிச்சுக் குடிச்சதைக் காயத்துக்குள்ளயே கக்கலாம். மெல்லிசான முனைதான் வாய். பக்கத்துத் தோலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு, நகத்தை அடியில கொடுத்துத் தள்ளுங்க. பிடி விட்டுரும். அப்புறம் தடிச்ச முனையையும் அதே மாதிரி. நடுவுல பிடிச்சு இழுக்காதீங்க. ரத்தம் வந்துக்கிட்டே இருக்கும், பயப்படாதீங்க. அதோட எச்சில்ல ரத்தத்தை உறைய விடாத பொருள் இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவி, துணி வச்சு அழுத்தினாப் போதும்.

ரிங்லெட், ஓர் அம்மா: தம்பி, நான் பதினாறு வயசுல கொழுந்துக்கூடை தூக்கினவ. சுண்ணாம்பை ஒரு தொடு தொட்டா அட்டை சுருண்டு விழும். நகத்தை வச்சு நோண்டிக்கிட்டு நின்னா வேலை வாங்குற மண்டோர் சும்மா விடுவானா? உன் கூடையை யாரு நிரப்புவா?

அம்மா, வணக்கம். உங்க அனுபவத்துக்கு முன்னால நான் சின்னப் பையன். இருந்தாலும் சுண்ணாம்பு காயத்துல பட்டா புண்ணு பெருசாகும்.

சுங்கை சிப்புட்: எதுக்கு இவ்வளவு கஷ்டம்? லைட்டர்தான் பெஸ்ட்.

கால் முடி பொசுங்கினதுதான் மிச்சம் தம்பி. அதுவும் காட்டுக்குள்ள நெருப்பா?

தாப்பா: நான் தாதி. நகம்தான் சரி. ஒண்ணு சேர்த்துக்கோங்க. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுறவங்க, மூக்குக்குள்ளயோ கண்ணுலயோ அட்டை ஏறினவங்க, கைவைத்தியம் பார்க்காம மருத்துவமனைக்கு வந்துரணும்.

நன்றிம்மா. இதை எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க.

ரிங்லெட் அம்மா: அதெல்லாம் சரி. சுண்ணாம்பு தொட்டா விழுமா, விழாதா? அதைச் சொல்லு.

விழும்மா. விழுறதைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்ல. விழுறதுக்கு முன்னால அது என்ன பண்ணிட்டுப் போகுதுங்கிறதுதான் என் கவலை. ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். எங்க தோட்டத்துப் பொம்பளைங்க விடியக்காலம் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, வர்றதுக்கு முன்னாலயே காலுல பார் சோப்பைத் தேய்ச்சுக்குவாங்க. சிலர் சுண்ணாம்பும் தடவுவாங்க. கடிக்கிறதுக்கு முன்னால தடவுறது வேற. அது நல்ல யோசனைதான். மழையில கரைஞ்சுரும், திரும்பத் தேய்க்கணும். இப்ப விக்கிற அட்டைக் காலுறையும் அதே வேலையைத்தான் பார்க்குது, கூடக் காசுக்கு.

காஜாங்: சின்னப் பிள்ளைங்களோட போக எந்தப் பாதை?

நாலாம் நம்பர். மேல இருக்கு.

கூலிம்: மகன் இங்கிலாந்துல, லீட்ஸ்ல படிக்கிறான். அங்க 'மூர்' என்கிற வெட்டவெளி மலையில நடக்கிறானாம். இங்க கேமரன்ல இருக்கிற இராவ் (Irau) மலைக்கு வந்தா அவனுக்குப் புதுசா ஏதாவது இருக்குமா?

நல்ல கேள்வி. அங்க மரமே இருக்காது, ஹெதர்னு ஒரு குட்டைச் செடிதான் மைல் கணக்குல, ஆகஸ்ட்ல ஊதாவாப் பூக்கும். வழி தப்புறது மூடுபனியால. நம்ம காட்டுல வெயில் அடிக்கும்போதே வழி தப்பும், ஏன்னா பத்தடிக்கு மேல எதுவும் தெரியாது.

ஆனா கால்கீழ சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான். அங்க சதுப்புல வளர்ற ஸ்பேக்னம் பாசி இராவ் மலையிலயும் இருக்கு. 2,110 மீட்டர் உயரம், எப்பவும் மேகம். மரமெல்லாம் குள்ளமா, முறுக்கி, பாசிச் சட்டை போட்டு நிக்கும். பாசி பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வச்சு மெதுவா ஓடைக்கு விடும். சேறுக்குப் பயந்து பாதை ஓரத்துப் பாசியில கால் வச்சா அது செத்துரும், பாதை அகலமாயிக்கிட்டே போகும். சேத்துலயே நடங்க. பூட்ஸைக் கழுவிக்கலாம்.

நிரந்தர வனக்காப்பு நிலத்துக்குள்ள போக 1984 தேசிய வனச் சட்டப்படி அனுமதி வேணும். வன இலாகாவுல முன்கூட்டியே கேளுங்க.

பூச்சோங்: தேயிலைச் செடிகளுக்குள்ள இறங்கிப் போட்டோ எடுத்தா என்ன தப்பு? இயற்கை எல்லாருக்கும் பொதுதானே?

கூலிம்காரர் மகன் நடக்கிற ஊர்ல 2000த்துல ஒரு சட்டம் வந்துச்சு. வரைபடத்துல குறிச்ச திறந்தவெளியில பாதையை விட்டும் நடக்கலாம்னு. அது மூர். இது வேலை செய்ற இடம். நேத்து மருந்து அடிச்சிருப்பாங்க, உங்களுக்குத் தெரியாது. செடிக்கு நடுவுல தண்ணி ஓடக் கான் வெட்டியிருக்கும், மேல தழை மூடியிருக்கும், கால் உள்ள போனா கணுக்கால் போச்சு. நீங்க மிதிச்சு ஒடிக்கிற கிளையில ஒரு அம்மாவோட அன்னிக்குக் கூலி இருக்கு. ரோட்டோரம் நின்னு எடுங்க, அழகாத்தான் இருக்கும்.

செந்தூல்: அண்ணே, ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு ஜாசார் ஏறலாம்னு இருக்கோம்...

ரெண்டு மணிக்குத் திரும்பணும்னு மேல எழுதியிருக்கேன். கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

பாங்கி: எட்டு வயசுப் பையனுக்கு எந்தப் பாதை...

நாலு.

ரிங்லெட் அம்மா: வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவீல்ல? சுண்ணாம்பு டப்பா கொண்டாரேன். பார்த்துருவோம்.

வாங்கம்மா. அட்டை நான் கொண்டாரேன்.