கோவை, ஈரோட்டுக் கடைகளில் கைபேசியைத் தட்டிப் பணம் செலுத்தும் முறை ஏன் அரிது?

முதன்மைக் காரணம் செலவுதான். என்எஃப்சி எனப்படும் அம்முறைக்கு, சுமார் 4 சென்டிமீட்டர் தொலைவுக்குள் ரேடியோ அலையால் தொடர்புகொள்ளும் சில்லு வாடிக்கையாளரின் கைபேசியிலும் கடைக்காரரின் இயந்திரத்திலும் இருந்தாக வேண்டும். விலை குறைந்த பல கைபேசிகளில் அது கிடையாது. க்யூஆர் முறைக்கோ, கடையில் ஒட்டிய அச்சுத்தாளும் கைபேசியின் கேமராவும் இணைய இணைப்பும் போதும். மேலும், க்யூஆர் முறைக்கு அடிப்படையான, 2016இல் தொடங்கிய யுபிஐ என்ற பணப்பரிமாற்ற அமைப்பின் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தும் தொகைக்கு, 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கைபேசியில் பதிந்த கடன் அட்டையைத் தட்டினாலோ பெரும்பாலும் கட்டணம் உண்டு. சொற்ப லாபத்தில் விற்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தை வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது வெளிப்படை. (வந்த தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி, பணம் வந்ததா என்று சந்தை இரைச்சலில் அவருக்கு இருந்த ஐயத்தையும் போக்கிவிட்டது.) அட்டை இயந்திரம் ஏற்கெனவே உள்ள கோவைப் பேரங்காடிகளில் தட்டும் முறைக்குத் தடை குறைவு.