சாதா காரில் வந்து கை காட்டினால் நிற்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஷிப்மென்ட் இருக்கும் நாட்களில் கிளம்ப இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். பெருமாநல்லூர் வந்து பைபாஸ் ஏறி, நானே கார் ஓட்டிக்கொண்டு பெருந்துறைக்குத் திரும்புவேன். போன வாரம் செங்கப்பள்ளி தாண்டியதும் ஒரு வெள்ளைக் கார் பின்னாலேயே வந்து லைட் அடித்தது. அப்புறம் பக்கத்தில் வந்து, முன்சீட்டில் இருந்தவர் ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டினார். வண்டியில் போலீஸ் என்று எழுதவில்லை, மேலே விளக்கும் இல்லை. அவர் போட்டிருந்தது சாதா சட்டை. பயத்தில் நிற்காமல் விஜயமங்கலம் டோல்கேட் வரை வந்துவிட்டேன். அந்தக் கார் எங்கே போனதென்று தெரியவில்லை. “தாறுமாறாக ஓட்டுகிறவர்களைப் பிடிக்க போலீஸ் இந்த மாதிரி வண்டியிலும் வருவாங்க, நீ நின்னிருக்கணும்” என்கிறார் வீட்டுக்காரர். அப்படி வரலாமா? என் மேல் கேஸ் வருமா? ஒருவேளை சலான் வந்தால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: சகோதரி, முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் எழுதியபடியே நடந்திருந்தால், நிற்காமல் போனதற்காக உங்கள் மேல் வழக்குப் போட்டு நிலைநாட்டுவது கஷ்டம். டோல்கேட் வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தது நல்ல முடிவு. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை.

சரியான பாதி எது? மோட்டார் வாகனச் சட்டம், 1988-ஐ எங்கே புரட்டினாலும், வண்டியில் போலீஸ் என்று எழுதியிருந்தால்தான் விதிமீறலைப் பிடிக்கலாம் என்று ஒரு வரி கிடையாது. வெள்ளை கார், வாடகை ஜீப், லாரி, பைக் எதில் உட்கார்ந்தும் காவலர் சாலையைக் கவனிக்கலாம், வண்டி எண்ணைக் குறிக்கலாம், வீடியோ எடுக்கலாம், வயர்லெஸ்ஸில் அடுத்த செக்போஸ்டுக்குச் சொல்லி மடக்கலாம்.

மறு பாதி, உங்களை நிறுத்தி விசாரிப்பது. இங்கே சட்டம் சீருடையைக் கேட்கிறது. பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவர், சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்பது பிரிவு 130. அபாயகரமாகவோ குடித்துவிட்டோ ஓட்டுகிறவரை வாரன்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரம் பிரிவு 202-ல் இருக்கிறது. அதுவும் சீருடையில் இருக்கும் காவலருக்குத்தான். ஊதச் சொல்லும் பிரிவு 203-லும் இதே நிபந்தனை உண்டு. ஆக, வண்டி எந்த வேஷத்தில் வேண்டுமானாலும் வரலாம், உங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து லைசென்ஸ் கேட்கிறவர் மட்டும் காக்கியிலோ வெள்ளையிலோ இருந்தாக வேண்டும். திருட்டு, கடத்தல், கொலை மாதிரி வழக்குகளில் மஃப்டி போலீஸ் ஆளைப் பிடிப்பது வேறு சட்டத்தின்கீழ் வருகிறது. அதைக் கொண்டுவந்து இங்கே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த ஏற்பாடு நம் ஊருக்கு மட்டும் உள்ளதல்ல. இங்கிலாந்தில் அடையாளமில்லாத போலீஸ் கார்கள் ரொம்ப காலமாக ஓடுகின்றன. அங்குள்ள சாலைப் போக்குவரத்துச் சட்டமும் நம் சட்டம் வந்த அதே 1988-ல் வந்ததுதான். அதன் பிரிவு 163, சீருடைக் காவலர் சொன்னால் வண்டியை நிறுத்த வேண்டும் என்கிறது. அங்கே இன்னொரு வேலையும் செய்கிறார்கள்: அடையாளமில்லாத லாரி கேபினில் போலீஸை ஏற்றி மோட்டார்வேயில் ஓட்டுகிறார்கள். காரில் இருந்து பார்த்தால் பக்கத்து லாரி டிரைவரின் மடி தெரியாது. லாரி உயரத்தில் இருந்து பார்த்தால் மடியில் இருக்கும் போன், ஸ்டியரிங் மேல் விரித்த சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் தெரிந்துவிடும். பிரான்சில் 2013-லிருந்து ரேடார் பொருத்திய சாதா கார்கள் போக்குவரத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டே வேகத்தைப் படம் பிடிக்கின்றன. அகச்சிவப்பு ஒளி என்பதால் ஃபிளாஷ் அடித்ததே ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

இப்படி மறைந்திருந்து பிடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவிநாசி ரோட்டில் செக்கிங் நின்றால் என்ன நடக்கிறது? எதிரே வருகிறவர் இரண்டு தடவை லைட் அடித்துச் சொல்லிவிடுகிறார். உடனே சீட் பெல்ட் ஏறுகிறது, போன் இறங்குகிறது, நூற்றுப்பத்தில் வந்த வண்டி அறுபதுக்கு வருகிறது. அரை கிலோமீட்டர் தாண்டியதும் மறுபடி பழைய கதைதான். எந்தப் பாலத்தடியில் எத்தனை மணிக்கு ஸ்பீடு கன் நிற்கும் என்பது டைமிங்குக்காகப் பறக்கிற பஸ் டிரைவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரே இடத்தில் நிற்கும் செக்கிங், அந்த இடத்தில் மட்டும் ஒழுங்கைக் கொண்டுவரும். கூடவே ஓடுகிற வண்டிதான் ஓட்டுகிறவரின் நிஜப் பழக்கத்தைப் பார்க்கும். இடது பக்கம் புகுந்து முந்துவது, டெம்போவின் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டே போவது, கண்ணைக் கூசவைக்கும் ஹைபீமை இறக்காமல் வருவது எல்லாம் நிற்கிற கேமராவில் சரியாகச் சிக்காது.

ஆனால் பிடித்தால் மட்டும் போதாது, நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “பார்த்தாலே தெரியுதுங்க, நூறுக்கு மேல வந்தாங்க” என்று ஒரே ஒரு சாட்சி தன் கண்ணளவில் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. பிரிவு 183(3) அதைத் தெளிவாகத் தடுக்கிறது. அந்தக் கணிப்பு ஒரு கருவியின் அளவீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆகவே அதிவேகம் என்று சலான் வந்தால் முதலில் தேட வேண்டியது, எந்தக் கருவி எவ்வளவு வேகம் காட்டியது என்பதைத்தான். காருக்கு இதில் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, லாரி, பஸ் மாதிரி வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை.

பிரிவு 184, அதாவது அபாயகரமாக ஓட்டுவது, வேறு ரகம். இதற்கு ஸ்பீடு கன் தேவையில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவது, விதிக்குப் புறம்பாக முந்துவது, எதிர்த்திசையில் வருவது எல்லாவற்றையும் 2019 திருத்தம் இந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. இதற்கு ஒரு வீடியோவும் பார்த்தவரின் வாக்குமூலமும் போதும். முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் திரும்பவும் மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விழலாம்.

எதிர்த்திசை என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் உறைக்க வேண்டும். பைபாஸில் யூ டர்ன் தூரத்தில் இருக்கிறது என்று, பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு வெள்ளைக் கோட்டை ஒட்டியே எதிரே வரும் மொபெட்டை நீங்களும் தினம் பார்த்திருப்பீர்கள். “இங்க இருக்கிற தோட்டத்துக்குத்தானுங்க” என்பார்கள். அது ‘ராங் ரூட்’ என்ற சின்னத் தப்பு இல்லை. சட்டத்தின் கணக்கில் அதுவும் 184-தான். இரவில், தார்ப்பாய் போர்த்திய லாரிக்குப் பின்னால் இருந்து இடது ஓரத்துக்கு வரும் கார்க்காரருக்கு அந்த மொபெட் கடைசி நிமிஷம் வரை தெரியாது.

சரி, உங்கள் இரவுக்கு வருவோம். சட்டப்படி தரப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினால் பிரிவு 179-ன்கீழ் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் உத்தரவிட்டவர் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். அவர் அதிகாரி என்று தெரிந்தே நீங்கள் மீறியிருக்க வேண்டும். சீருடை இல்லை, எழுத்து இல்லை, சுழல் விளக்கு இல்லை. அப்படியிருக்க ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் தனியாக எதை நம்பி நிற்பாள்?

அடுத்த முறை இப்படி நடந்தால் ஒன்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஓடுகிற மாதிரித் தெரிந்தால் நிஜப் போலீஸுக்குச் சந்தேகம் வரும், போலி ஆளாக இருந்தால் துரத்துவான், இரண்டிலும் விபத்து உங்களுக்குத்தான். இடது லேனுக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, நான்கு பக்க இன்டிகேட்டரையும் போட்டுவிட்டு நிதானமாக ஆள் இருக்கும் இடம் வரை ஓட்டுங்கள். ‘பார்த்துவிட்டேன், நிற்கப் போகிறேன்’ என்று அதற்கு அர்த்தம். நம் ரோட்டில் ஆள் இருக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை. டோல்கேட், பெட்ரோல் பங்க், இல்லையென்றால் நேரங்கழித்தும் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பேக்கரி. போனைக் கையில் எடுக்காமல் ஸ்பீக்கரில் 112-க்குப் பேசுங்கள். இருக்கும் இடம், அந்த வண்டியின் எண், அடையாளம் மூன்றையும் சொல்லி, இது உங்கள் ஆட்கள்தானா என்று கேளுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே போனைத் தடவுவதும் 184-ல் வருவது என்பதால், ஸ்பீக்கர் வசதி இல்லையென்றால் நின்ற பிறகு கூப்பிடுவதே நல்லது. பிற்பாடு யாராவது ‘நிற்காமல் ஓடினாள்’ என்றால், அந்த அழைப்பு பதிவான நேரமே உங்கள் பக்கம் பேசும்.

நின்ற பிறகு கதவைப் பூட்டியபடியே கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் போதும். சீருடையில் பெயர்ப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஸ்டேஷன் என்று மரியாதையாகக் கேட்டு, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். நிஜமான எஸ்.ஐ. இதற்கெல்லாம் கோபப்படக் கூடாது, பெரும்பாலும் படமாட்டார். சந்தேகம் தெளிந்தால் லைசென்ஸைக் காட்டுங்கள். டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலியில் இருப்பதும் செல்லும். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. கேட்கும் அதிகாரம் பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத அபராதம் அபராதமே இல்லை. 184, 185 (குடித்துவிட்டு ஓட்டுவது) மாதிரி குற்றத்துக்காக லைசென்ஸை வாங்கிக்கொண்டால் அதற்கும் ஒப்புகைச் சீட்டு கொடுத்தாக வேண்டும். போலீஸ் மாதிரி நடிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 204-ன்படி குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று வருடம் சிறைக்குரிய குற்றம்.

இனி சலான். கேமரா, ஸ்பீடு கன், டேஷ்போர்டு கேமரா, உடம்பில் மாட்டும் கேமரா எல்லாம் செல்லும் என்று 2021 ஆகஸ்டில் வந்த, மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 167ஏ சொல்கிறது. கூடவே கட்டுப்பாடும் போட்டிருக்கிறது. கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் வண்டி எண் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் சாதா காரின் கேமராவுக்குப் பலகை எங்கே வைப்பது? வழக்கறிஞர்கள் வாதாட நல்ல இடம்தான். ஆனால் அதை நம்பிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டாம். பலகை வாதம் கருவிப் பதிவுக்குத்தான், சீருடையில் மடக்கியவர் தரும் நேரடி சாட்சியத்தை அது அசைக்காது.

சலான் வந்ததா என்று பார்க்க மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் சலான்’ என்று ஏபிகே கோப்பு வந்தால் தொடவே வேண்டாம், அது பேங்க் கணக்கைத் துடைக்க வருவது. ஏற்கெனவே தொட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நிஜ சலானாக இருந்து, படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லையென்றாலோ இடமும் நேரமும் பொருந்தவில்லையென்றாலோ, அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு வண்டியை வேறு யாராவது ஓட்டியிருந்தால், கேட்கும்போது அவர் பெயரையும் முகவரியையும் சொல்வது பிரிவு 133-ன்படி உரிமையாளரின் கடமை. மச்சான்தானே என்று மறைத்தால் வம்பு உங்களுக்கு.

போலீஸ் வண்டி மட்டும் பறக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கிறவர்கள் நிறைய. சட்டத்தை அமல்படுத்த வேண்டியவரே இந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் இரட்டிப்பு என்கிறது பிரிவு 210பி. எனக்குப் பிடித்த பிரிவு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தக் காரின் எண்ணில் பாதி ஞாபகம் இருந்தாலும், நாள், நேரத்தோடு எழுதி பெருந்துறை காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்கி வையுங்கள். உங்கள் காரில் டேஷ்கேம் இருந்தால் அந்த இரவின் பதிவு அழிவதற்குள் நகல் எடுத்துவிடுங்கள். டோல்கேட்டில் கேமரா இருக்கும். போலீஸ் கேட்டால் அவர்கள் தருவார்கள், ஆனால் அது ரொம்ப நாள் இருக்காது. அதனால் மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.